லேட்டாக வந்தால் மார்க் குறையுமா? பயிற்சி மைய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். "மாதிரித் தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களில் பெரும்பாலோர் தாமதமாக வருபவர்கள். எனவே இனி ஒன்பதரைக்கு மேல் வருவோருக்கு வகுப்பில் அனுமதி இல்லை." ஊர் பெயர் எதுவும் அதில் இல்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டுக்குத் தாமதமாக வந்து சேர்வது கொடைக்கானலுக்கு மேலே இருக்கும் மன்னவனூர், கூக்கால், பூம்பாறை கிராமத்துப் பிள்ளைகள்தான் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அதற்குக் கீழேயே அடுத்த மாதப் பாட அட்டவணை. "நிகழ்தகவு: ஃபார்முலா ஷீட் தரப்படும். வகுப்பு இல்லை."

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எந்தப் பாடம் வேண்டாம் என்று தள்ளினீர்களோ, அந்தப் பாடம் தெரிந்திருந்தால் அந்த அறிவிப்பே வந்திருக்காது.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். வகுப்பில் 40 பேர். மழை நாள் என்பதால் 30 பேர் லேட். தேர்வில் 8 பேர் குறைந்த மதிப்பெண், அதில் 6 பேர் லேட்டாக வந்தவர்கள். குறைந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் லேட்டாக வந்தவர்கள் என்பது உண்மைதான். இப்போது திருப்பிப் பாருங்கள். லேட்டாக வந்த 30 பேரில் குறைந்தவர்கள் 6 பேர், ஐந்தில் ஒரு பங்கு. நேரத்துக்கு வந்த 10 பேரில் 2 பேர், அதுவும் ஐந்தில் ஒரு பங்கு! தாமதத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் இங்கே சம்பந்தமே இல்லை. சார்பிலா நிகழ்ச்சிகள் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். வகுப்பில் லேட்டாக வருபவர்களே அதிகம் என்பதால், எந்தப் பட்டியல் எடுத்தாலும் அவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். நன்றாக எழுதியவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள், 32 பேரில் 24 பேர் லேட் கோஷ்டிதான். அவர்களையும் சேர்த்துத்தான் வெளியே நிறுத்தப் போகிறீர்கள்.

உங்கள் நிஜக் கணக்கு வேறாக இருக்கலாம். அப்படியானால் அதைப் போடுங்கள். லேட்டாக வந்தவர்களில் எத்தனை பேர் குறைந்தார்கள், நேரத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் குறைந்தார்கள். இந்த இரண்டும் தெரியாமல் கதவை மூடாதீர்கள். ஒன்று நடந்தது என்று தெரிந்த பிறகு இன்னொன்றுக்கு என்ன வாய்ப்பு என்று பார்க்கும் இந்தக் கணக்குக்குத்தான் சார்புநிலை நிகழ்தகவு என்று பெயர். அதை வகுப்பில் முழுதாக நடத்துங்கள்.

ஃபார்முலா ஷீட் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. மாலையில் என்னிடம் கணக்குப் போட வரும் ஒரு பெண்ணுக்கு அந்த ஃபார்முலா மனப்பாடம். இரண்டு பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 8 என்று தெரிகிறது, ஒன்றிலாவது 3 விழுந்திருக்க வாய்ப்பு என்ன என்று கேட்டேன். தயங்காமல் 2/36, அதாவது 1/18 என்றாள். இரண்டு பகடைக்கு மொத்தம் 36 ஜோடிகள்தான், ஆனால் கூட்டுத்தொகை 8 என்று சொன்னவுடனேயே அந்த 36 போய்விட்டது. (2,6), (3,5), (4,4), (5,3), (6,2) என்று ஐந்துதான் மிச்சம். அதில் 3 இருப்பவை இரண்டு, விடை 2/5. மற்ற 31 ஜோடிகளையும் நோட்டில் பென்சிலால் அடித்துக் காட்டிய பிறகுதான் "ஓ, கீழே இருக்கிறதே மாறுதா அண்ணா" என்றாள். இந்த ஒரு வரி எந்த ஷீட்டிலும் இல்லை. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில் இப்படி ஒரு கேள்வி வந்தால் நான்கு விடைகளில் ஒன்றாக 1/18 உட்கார்ந்திருக்கும். அதைத் தொட்டால் வர வேண்டிய 4 மதிப்பெண் போய், கையில் இருப்பதிலும் 1 போகும்.

பள்ளியில் படித்துக்கொள்ளட்டும் என்றும் சொல்ல முடியாது. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இது பன்னிரண்டாவது, கடைசிப் பாடம். கடைசிப் பாடத்துக்கு என்ன கதி நேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் இப்போது எடுத்துவிட்டார்கள், அந்தப் பயமும் போச்சு. பன்னிரண்டாம் வகுப்பில் நேராக நிகழ்தகவுப் பரவல்கள். நடுவில் விழுந்த பள்ளத்தை நிரப்பத்தானே உங்களிடம் பணம் கட்டி அனுப்புகிறோம்?

தாமதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேல்மலையிலிருந்து இருட்டோடு கிளம்பி, கொடைக்கானலில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து வருகிறார்கள். மழைக்கு மரம் விழுந்தால் வெட்டி எடுக்கும்வரை நிற்க வேண்டும். சீசனில் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் கார்கள் நிற்கிற நிற்பில் எந்த டிரைவரும் ஒன்றும் செய்ய முடியாது. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி இருக்கிறது, இருந்தும் அதே கதை. ரூமுக்கு நாலு மணி நேரம் லேட்டாக வரும் சுற்றுலாப் பயணியை வாசலில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. சூடாக டீ கொடுத்து உள்ளே கூப்பிடுகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மட்டும் ஒன்பதரைக்குக் கதவு மூடுமாம். பேசாமல் பிள்ளைகளையும் தொப்பி மாட்டி, கழுத்தில் கேமராவோடு அனுப்பிவிடலாம்.

சரி, கோபத்தில் கொஞ்சம் விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நடத்தும் கால்குலஸ் வகுப்பைப் பிள்ளைகள் இன்றும் மெச்சிப் பேசுகிறார்கள். அதனால்தான் வேறு இடம் தேடாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

பணிவாகக் கேட்பது இதுதான். அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். நிகழ்தகவுக்கு இரண்டு ஞாயிறு ஒதுக்கி, சார்புநிலை நிகழ்தகவிலிருந்து, அதைத் திருப்பிப் போட்டுக் கணக்கிடும் பேயீஸ் தேற்றம் வரை கரும்பலகையில் நடத்துங்கள். முடிந்தால் அதைக் காலை முதல் வகுப்பாக வைக்காமல் பதினொரு மணிக்கு மேல் வையுங்கள். அடுத்த அட்டவணை வருவதற்குள் குழுவிலேயே பதில் போட்டால், பெற்றோர்களிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மேல்மலையில் மாலை நேரம் கணக்குச் சொல்லித்தரும் ஒருவன்