கடிகாரத்தின் சிவப்புப் பகுதி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததைத் தெரு முழுவதும் சொல்லிவிட்டேன். ஆனால் அதை எனக்குச் சொன்னது நீ அல்ல, உன் சித்தி. மேலே நான் எழுதி அடித்துவிட்ட வரியைப் படிக்க முயலாதே. பெரியம்மா வீட்டு விவகாரம் ஒருவழியாக முடிந்தது, அதை அம்மா எழுதுவாள்.

சென்ற வாரம் என் கப்பல் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். சிவப்பு அடித்த கடிகாரத்தைப் பற்றிச் சிறுமியாக இருக்கையில் ஓயாமல் கேட்பாயே, நினைவிருக்கிறதா? அந்த பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் ரேடியோ அதிகாரி நான் ஒருவன்தான். நாளுக்கு எட்டு மணி நேரம் ஹெட்போனும் கையுமாக இருப்பேன்; மீதி நேரத்தில், நான்கு விநாடி நீளமுள்ள அபாய ஒலிகள் தொடர்ந்து வந்தால் என் அறையில் மணி அடிக்க ஒரு கருவி உண்டு. ஒவ்வொரு மணியிலும் 15ஆம் நிமிடம் முதல் 18 வரையும் 45 முதல் 48 வரையும், அபாய அழைப்புக்கான 500 கிலோசைக்கிள் அலைவரிசையில் எந்தக் கப்பலும் பேசக் கூடாது. எங்கோ மூழ்கிக்கொண்டிருப்பவனின் நலிந்த அழைப்பு மற்றவர்களின் இரைச்சலில் அமுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே கடிகார முகப்பில் அந்த மும்மூன்று நிமிடங்களுக்கும் சிவப்பு அடித்திருந்தார்கள்.

1956 நவம்பரில் சூயஸ் கால்வாய் அடைபட்டதால், இங்கிலாந்தின் பர்கன்ஹெட் துறைமுகத்தில் சரக்கேற்றிய நாங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு கல்கத்தா வந்தோம். செய்தி காத்திருக்கும் கப்பல்களின் அழைப்புக் குறிகளை இங்கிலாந்தின் போர்ட்டிஸ்ஹெட் வானொலி நிலையம் மோர்ஸ் தந்திக் குறிகளில் வரிசையாக அனுப்பும்போதெல்லாம், சிட்டகாங்கைச் சேர்ந்த எங்கள் செராங்கு, அதாவது மாலுமிகளின் தலைவர், கதவருகில் வந்து நிற்பார். இல்லை என்று கையசைப்பேன், போய்விடுவார். யாரிடமிருந்து எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

அந்த மூன்று நிமிடங்களில் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை என்று உங்களிடம் எத்தனை முறை பெருமையடித்திருப்பேன்! உன் கல்யாணத்துக்கு முந்தைய இரவு நீ மாடிப்படியில் நின்று, “அப்பா, ஒரு விஷயம்” என்றாய். பந்தல்காரர் கணக்கை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். கணக்கு பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனாலும் நான் மேலே வரவில்லை. நீ என்ன சொல்ல வந்தாய் என்பது எனக்குப் பாதி தெரிந்திருந்தது. பத்திரிகை எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டதே என்று கீழேயே உட்கார்ந்திருந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்கு நல்ல சட்டையாக வாங்கிக்கொள். கடிதம் எழுது, இரண்டு வரி போதும். அம்மா படிக்க வேண்டாம் என்று தோன்றினால் உறையின் மேல் என் பெயரை மட்டும் எழுது. தபால்காரர் இப்போதெல்லாம் பதினொன்றேகால் மணிக்கு வருகிறார். அந்நேரம் நான் திண்ணையில்தான் இருப்பேன்.

அப்பா