பெரியப்பாவுக்கு எண்ணெய் பூசுவது பற்றி, அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

பெரியப்பாவுக்கு வெள்ளிக்கிழமை பைபாஸ் ஆபரேஷன் என்று நேற்று போனில் சொன்னாய். பங்குச்சாமியாரைக் கூப்பிட்டு நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நம் கத்தோலிக்கச் சடங்கு, கொடுக்கச் சொல்வோமா என்று நான் கேட்டதும் உன் குரலே மாறிவிட்டது. “சாமியார் எண்ணெயோட வந்தா அப்பா பயந்துடுவார்டா. அதெல்லாம் கடைசியில பார்த்துக்கலாம்” என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி யோசித்ததை எழுதுகிறேன். இதே பயம் நிறைய வீடுகளில் இருக்கிறது என்பதால், நீ சரி என்றதும் பொதுவிலேயே போடுகிறேன்.

இந்தப் பயத்துக்குப் பாதிக் காரணம் பழைய பெயர்தான். ‘அவஸ்தைப்பூசுதல்’ என்றே சொல்லி வளர்ந்தோம். “அவஸ்தை கொடுத்தாச்சா?” என்று தெருவில் யாராவது கேட்டால், அந்த வீட்டில் ஆள் இன்றைக்கோ நாளைக்கோ என்று அர்த்தம்.

ஆனால் ஆரம்பத்தில் அப்படி இல்லை. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு தம் திருமுகத்தில் (5:14) எழுதுவது நோயுற்றவரைப் பற்றி. திருச்சபையின் மூப்பர்களை வரவழையுங்கள், அவர்கள் எண்ணெய் பூசி வேண்டட்டும் என்கிறார். 416இல் திருத்தந்தை முதலாம் இன்னசென்ட் ஒரு ஆயருக்கு (பிஷப்புக்கு) எழுதிய கடிதத்திலும் நோயுற்ற விசுவாசிகளுக்கு என்றுதான் இருக்கிறது. இடைக்காலத்தில் இது மெல்ல மெல்ல மரணப்படுக்கைப் பாவசங்கீர்த்தனத்தோடு (சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதோடு) ஒட்டிக்கொண்டு ‘கடைசிப் பூசுதல்’ ஆகிவிட்டது. 1963இல் உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று தெளிவாகச் சொன்னது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையே திருத்தி அமைத்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பழைய பயம் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

பாட்டி விஷயம் உனக்கு நினைவிருக்கும். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார்கள், நினைவு நன்றாகவே இருந்தது. “சாமியார் வரலையா?” என்று அவர்களே இரண்டு முறை கேட்டார்கள். நாம்தான் “உங்களுக்கு ஒண்ணும் இல்ல பாட்டி” என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டோம். கடைசியில் நான் சைக்கிளில் ஓடிப்போய்க் கூட்டிவந்தபோது மூச்சு நின்று அரைமணி நேரம் ஆகியிருந்தது. சாமியார் முழந்தாளிட்டு ஜெபித்தார். கையிலிருந்த எண்ணெய்ச் சிமிழைத் திறக்கவில்லை. அருளடையாளம் (கடவுளின் அருளைத் தரும் திருச்சடங்கு) உயிரோடு இருப்பவர்களுக்குத்தான், இறந்தவர்களுக்கு இல்லை என்று வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்த மூடிய சிமிழ் இன்னும் என் கண்ணில் இருக்கிறது, அக்கா. பாட்டி பயப்படவே இல்லை. பயந்தது நாம்தான்.

சாமியார் வந்தால் என்ன செய்வார் என்று பெரியப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. முதலில் எதுவும் பேசாமல் அவர் தலைமேல் கை வைப்பார். நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசுவார். ஆண்டவர் துணை நிற்கட்டும், பாவத்திலிருந்து விடுவித்து எழுப்பிவிடட்டும் என்பதுதான் அந்தச் செபத்தின் சாரம். ‘எழுப்பிவிடட்டும்’ என்ற சொல்லை அவருக்கு அழுத்திச் சொல். அந்த எண்ணெய், புனித வாரத்தில் ஆயர் நோயாளிகளுக்கென்றே மந்திரித்துப் பங்குகளுக்குக் கொடுப்பது.

பெரிய ஆபரேஷனுக்கு முன்னால் வாங்கலாம். குணமாகி மறுபடி விழுந்தால் மறுபடி வாங்கலாம். தனி நோய் இல்லாமல் முதுமையில் தளர்ந்தவர்களும் வாங்கலாம். சாகிறவர்களுக்கென்று திருச்சபை வைத்திருப்பது இந்த எண்ணெயை அல்ல, நற்கருணையை, பூசையில் கொடுக்கும் அந்த அப்பத்தை. லத்தீனில் ‘வியாத்திக்கும்’ என்பார்கள், வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் உணவு என்று பொருள். நம் கட்டுச்சோறுதான்.

பூசினால் அடைப்பு கரைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் செய்ய வேண்டியதை டாக்டர் செய்வார். ஆனால் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது நம்மில் ஒருவரும் கூட வர முடியாது. அந்த நேரத்தில் அவர் நெற்றியில் எண்ணெயின் ஈரம் இருக்கும். கிறிஸ்து நம்மை யோசனையால் மட்டும் தொடுவதில்லை, தண்ணீராலும் அப்பத்தாலும் எண்ணெயாலும் ஒரு மனுஷனின் கையாலும் தொடுகிறார். அருளடையாளம் என்றால் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். பாவசங்கீர்த்தனத்தைக்கூடப் போனில் செய்ய முடியாது, ஆள் நேரில் வர வேண்டும். உன் மாமியார் வீட்டு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்கள் இதை அருளடையாளமாக எண்ணுவதில்லை, ஞானஸ்நானமும் திருவிருந்தும் மட்டும்தான் அவர்களுக்கு. ஆனால் யாக்கோபின் வசனம் அவர்கள் வேதாகமத்திலும் இருக்கிறது. அத்தையிடம் வாசித்துக் காட்டு, அவர்களும் கூட நின்று ஜெபிக்கட்டும்.

சரி, முடிவு பெரியப்பாவுடையது. அவரிடம் நேராகக் கேள், நமக்குள் பேசி முடிக்க வேண்டாம். வேண்டும் என்றால் புதன்கிழமை சாயங்காலம் வைத்துக்கொள்வோம், வியாழக்கிழமை அட்மிஷன் இருக்கிறது. கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசு), மெழுகுவர்த்தி. அப்புறம் விரல் துடைக்கக் கொஞ்சம் பஞ்சு. நான் மூன்று மணி பஸ்ஸில் வந்துவிடுகிறேன், சாமியாரை நானே கூட்டி வருகிறேன்.

உன் தம்பி