வாசல் வரையிலான வழியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். புதிய நகரத்துக்குச் செல்வோர் எங்கே தங்கலாம் என்று அதில் வரும் குறிப்புகள், இன்ன பகுதி பாதுகாப்பானது, இன்ன பகுதியைத் தவிர்த்துவிடுங்கள் என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. ஓர் அலுவலகத்தில் ஊழியர்களின் பயண ஏற்பாடுகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவள் என்ற முறையில், இந்த ஒற்றை வரித் தீர்ப்பு வாசகர்களுக்குப் போதாது என்று கருதுகிறேன். ஒரு பகுதி முழுவதற்குமாகச் சேர்த்துப் பாதுகாப்பு என்று ஒன்று கிடையாது. தெருவுக்குத் தெருவும், அதே தெருவில் நேரத்துக்கு நேரமும் அது மாறுகிறது. ஆகவே தங்குமிடம் தேடுவோர் கேட்க வேண்டியது பகுதியின் பெயரை அல்ல. கடைசி ரயிலிலோ பேருந்திலோ வந்து இறங்கி, விடுதியின் வாசலை எட்டும் வரையில் எந்த வழியாக, எந்த நேரத்தில் நடக்கப் போகிறோம் என்பதை.

இது வெறும் அனுபவப் பேச்சு அல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1989 முதல் 2002 வரை பதிவான குற்றங்களை, குற்றவியல் அறிஞர் டேவிட் வைஸ்பர்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் தெருத் தெருவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடைப்பட்ட தெருவின் இரு பக்கங்களையும் சேர்த்து ஓர் அலகாகக் கொண்டார்கள். நகரிலுள்ள அத்தகைய அலகுகளில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்தில் மட்டுமே மொத்தக் குற்றங்களில் பாதி நடந்திருந்தது. பெயர் கெட்ட பகுதிகளிலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியாகவே இருக்கின்றன என்பதும், நல்ல பெயரெடுத்த பகுதிகளுக்குள்ளும் சிக்கலான ஒரு தெரு ஒளிந்திருக்கலாம் என்பதும் இத்தகைய ஆய்வுகள் காட்டும் உண்மை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, வரைபடத்தில் ஒரு பகுதிக்குப் பச்சையும் இன்னொன்றுக்குச் சிவப்பும் பூசுவதை நம்மால் எப்படி ஏற்க முடியும்?

புள்ளிவிவரங்களை நேரடியாகப் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். பார்க்கலாம், ஆனால் பார்க்கத் தெரிந்து பார்க்க வேண்டும். குற்ற விகிதம் என்பது பெரும்பாலும் அங்கே குடியிருப்போரின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. லண்டனின் மையத்திலுள்ள சிட்டி ஆஃப் லண்டன் என்னும் சிறு நிர்வாகப் பகுதியில் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குடியிருப்போர் ஏறத்தாழ 8,600 பேர்தான். அங்கே வேலைக்கு வருவோரோ பல லட்சம் பேர். அத்தனை பேருக்கு நடுவே களவு போகும் பணப்பைகளையும் கைப்பேசிகளையும் அந்தச் சில ஆயிரம் பேரைக் கொண்டு வகுத்தால், உலகிலேயே மிக ஆபத்தான இடம் அதுதான் என்று தோன்றிவிடும். பயணிகள் தங்கும் பகுதிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட மையப் பகுதிகளே என்பதால், இந்தத் திரிபு நம்மைத்தான் அதிகம் குழப்புகிறது. பிரிட்டன் காவல்துறை 2011 முதல் தெருவாரியான குற்ற வரைபடங்களை வெளியிட்டு வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தனியுரிமையைக் காப்பதற்காகக் குற்றம் நடந்த இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் அருகிலுள்ள ஒரு பொதுப் புள்ளியில்தான் குறிக்கிறார்கள். நாம் தேர்ந்தெடுத்த விடுதியின் மீதே ஒரு புள்ளி விழுந்திருக்கிறது என்று பதறுவதிலும் பொருளில்லை, அங்கே புள்ளியே இல்லை என்று மகிழ்வதிலும் பொருளில்லை.

அரசுகள் வெளியிடும் பயண எச்சரிக்கைகளும் இந்த வேலைக்கு உதவுவதில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை 2018 முதல் நாடுகளை நான்கு நிலைகளாகப் பிரித்து அறிவுரை சொல்கிறது. ஒரு நாட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அது பயன்படும். எந்தத் தெருவில் அறை எடுப்பது என்பதற்கு அதில் விடை கிடைக்காது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? 1961இலேயே ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் இதற்கு ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கிறார். தெருவைப் பார்த்திருக்கும் கண்கள்தான் தெருவைக் காக்கின்றன என்பது அவருடைய வாதம். கடை வைத்திருப்பவர், ஜன்னலோரம் நிற்பவர், வீட்டுக்குத் திரும்புகிறவர் என்று யாரோ ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும் தெருவில் அத்துமீறத் துணிவோர் குறைவு. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பயணப் பக்கங்கள் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கும் இரண்டு வகை இடங்கள் கேள்விக்குள்ளாகின்றன. ஒன்று, பகலில் பளபளக்கும் அலுவலகப் பகுதி. மாலையில் அலுவலகங்கள் விட்டதும், கண்ணாடிக் கட்டடங்களின் அடியில் ஒரு காவலாளியைத் தவிர ஆள் நடமாட்டமே இருக்காது. இன்னொன்று, உயர்ந்த மதில்களும் பூட்டிய கேட்டுகளும் கொண்ட வசதி படைத்தோர் குடியிருப்பு. அங்கே வீடுகள் பத்திரமாக இருக்கலாம். மதிலுக்கு வெளியே பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும் வெளியூர்ப் பெண்ணை எந்த ஜன்னலும் பார்ப்பதில்லை. மாறாக, சுவர்களில் சாயம் உதிர்ந்த பழைய குடியிருப்புத் தெருக்களில் இரவு பத்து மணிக்கும் கடை திறந்திருக்கும், திண்ணையிலோ படியிலோ நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். வறுமையையும் ஆபத்தையும் ஒன்றாக எண்ணி இத்தகைய பகுதிகளை மொத்தமாகத் தவிர்க்கச் சொல்வது அங்கே வாழும் மக்களுக்கு இழைக்கும் அநீதி என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

விளக்கு வெளிச்சத்தின் பங்கையும் குறைத்து மதிப்பிட முடியாது. நியூயார்க் நகரில் 2016இல், அரசுக் குடியிருப்பு வளாகங்கள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, உயர்ந்த விளக்குக் கோபுரங்களை நிறுத்திப் பார்த்தார்கள். இரவு நேரத்தில் திறந்த வெளியில் நடக்கும் கடுமையான குற்றங்கள் அங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

என் பணியில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். அலுவலகத்திலிருந்து பயிற்சிக்குச் செல்லவிருந்த ஒரு பெண் ஊழியருக்காக ஒரு விடுதியைப் பரிசீலித்தோம். ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை என்று விளம்பரத்தில் இருந்தது. வரைபடத்தில் அந்த வழியைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், அது ஒரு பூங்காவின் குறுக்கே போவது தெரிந்தது. பூங்காவின் கதவுகளை இருட்டியதும் அடைத்துவிடுவார்கள். அதன் பிறகு விடுதிக்குப் போக வேண்டுமென்றால் பூங்காவின் நீண்ட சுற்றுச்சுவரை ஒட்டியே நடந்து, ரயில் பாதைக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதையைக் கடக்க வேண்டும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நிறுத்தி வைத்த லாரிகள்; வழிநெடுக ஒரு கடை கூட இல்லை. அந்தப் பகுதியின் பெயரை எந்தப் பட்டியலில் தேடினாலும் பாதுகாப்பானது என்றுதான் இருந்தது. அதே நிலையத்தின் மறுவாசலில், பேருந்துகள் ஓடும் பிரதான சாலையில், சற்றுப் பழைய விடுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

இந்தச் சோதனையைச் செய்ய யாருக்கும் தனித் திறமை தேவையில்லை. தெருவைப் படமாகக் காட்டும் வரைபடச் சேவைகளில் நிலையத்திலிருந்து வாசல் வரை விரலாலேயே நடந்து பார்க்கலாம். படம் எந்த ஆண்டு எடுத்தது என்று அதிலேயே குறித்திருப்பதையும் கவனிக்க வேண்டும். தரைத்தளத்தில் கடைகளும் ஜன்னல்களும் இருக்கின்றனவா, வெறும் சுவரும் வாகன நிறுத்தமுமா, நடைபாதை இடையில் அறுந்துபோகிறதா என்பதெல்லாம் அப்போதே புலப்படும். பிறகு விடுதிக்கு நேரடியாகப் பேசிவிடுவது நல்லது. ‘ஏரியா எப்படி?’ என்று கேட்டால் ‘ரொம்ப நல்ல ஏரியா’ என்றுதான் யாரும் சொல்வார்கள். இரவு பதினொரு மணிக்கு ரிசப்ஷனில் ஆள் இருப்பாரா, நுழைவாயில் பிரதான சாலையில் இருக்கிறதா சந்துக்குள் இருக்கிறதா, இரவுப் பணி முடித்துப் போகும் உங்கள் ஊழியர்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று கேட்டால் பதில் தானாகவே நேராக வரும். கடைசிக் கேள்விக்குத் தயக்கம் தெரிந்தால் நான் அந்த இடத்தைப் பதிவு செய்வதில்லை. தங்கியவர்கள் எழுதும் கருத்துகளிலும், எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதைவிட, தனியாக வந்து இரவில் திரும்பிய பெண்கள் அண்மையில் எழுதியவற்றைத் தேடிப் படிப்பதே பயனுள்ளது. வீடுகளை வாடகைக்கு விடும் சேவைகளில் பல, முன்பதிவு முடியும் வரை துல்லியமான முகவரியைக் காட்டுவதில்லை. அங்கே தெருவின் பெயரையாவது கேட்டு வாங்கிவிட வேண்டும். கட்டணம் இல்லாமல் ரத்து செய்யும் வசதி உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நள்ளிரவில் போய் இறங்குவோருக்கு மட்டும் ஒன்று சொல்வேன். முதல் இரவை நிலையத்துக்கோ விமான நிலையத்துக்கோ மிக அருகில், பிரதான சாலையில் கழித்துவிட்டு, மறுநாள் வெளிச்சத்தில் விரும்பிய இடத்துக்கு மாறிக்கொள்ளலாம். இறங்கியதும் பெட்டிகளோடு வழி தேடி நிற்கும் அந்த நேரத்தில்தான் வெளியூர்க்காரர் என்பது எல்லோருக்கும் வெளிச்சமாகிறது.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி ஒரு நகரத்தைப் பற்றி எழுதும்போது, பரிந்துரைக்கும் ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் கடைசி ரயில் நிற்கும் இடத்திலிருந்து தங்கள் செய்தியாளர் இரவில் ஒருமுறை நடந்து பார்த்து, எத்தனை நிமிடம் ஆயிற்று, எவ்வளவு தூரம் விளக்கில்லை, எந்தக் கடை எதுவரை திறந்திருந்தது, வாசலில் யார் இருந்தார்கள் என்பதை எழுதட்டும். முடிந்தவரை அந்த நடையைப் பெண் செய்தியாளர்களிடம் ஒப்படையுங்கள். அவர்களுடன் உடன் செல்ல ஒருவரையும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பயணப் பக்கத்தின் வாசகி