வாடியில் பயந்த மச்சானுக்கு

மச்சான்,

பெரும்போக வயற்காவலில் யானை உன் வாடிக் குடிலை இழுத்துப் போட்டதிலிருந்து நீ வீட்டிலும் நித்திரை கொள்வதில்லை என்று தங்கச்சி சொன்னாள். முற்றத்தில் தென்னோலை விழுந்தாலே எழும்பிக் குந்திவிடுகிறாயாம். கேலி பண்ணுகிறவர்களை விடு. மட்டக்களப்புப் படுவான்கரையில் யானைக்குப் பயப்படாதவன் யார்?

மூளைக்குள் இரு பக்கமும் அமிக்டலா என்று பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. அன்று வாடிக்கம்பு முறிந்த சத்தமும் யானையைக் கண்ட அதிர்ச்சியும் அங்கே அதே நரம்புக்கலங்களில் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. வெறும் சத்தம் அந்தக் கலங்களை இலேசாகத்தான் தூண்டும். அதிர்ச்சியும் கூட வந்தால் உள்ளே கல்சியம் பாயும், சத்தத்தைக் கொண்டுவரும் இணைப்பு பலமாகும். அடுத்த சில மணித்தியாலங்களில் புதுப் புரதங்கள் உண்டாகி அதை நிலைக்க வைக்கும். பிறகு யானையே தேவையில்லை, முறியும் சத்தம் போதும், நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும்.

எல்லாக் கலமும் இதில் சேர்வதில்லை. கனடாவில் ஷீனா ஜோஸ்லினின் குழு 2009இல் எலிகளின் அமிக்டலாவில் ஒரு பயத்தைச் சுமந்த சில கலங்களை மட்டும் அழித்தது. அந்தப் பயம் போய்விட்டது. புதிதாகப் பயப்படப் பழகவும் அந்த எலிகளால் முடிந்தது! உனக்கு அப்படிச் செய்ய வழியில்லை, வேண்டவும் வேண்டாம். வயல்காரனுக்கு யானைப்பயம் இருக்கத்தான் வேண்டும்.

மனிதருக்குச் செய்வது வேறு. ஆபத்தில்லாத இடத்தில் அதே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால், நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளை அமிக்டலாவை அடக்கப் பழகும். பழைய நினைவு அழியாது. இங்கே ஒன்றுமில்லை என்ற புது நினைவு பக்கத்தில் உண்டாகும். ஆனால் அது பழகிய இடத்தோடு ஒட்டிக்கொள்ளும், இடம் மாறினால் பழைய பயம் தலைதூக்கும். வைத்தியர்களுக்கு இது பெரிய தொல்லை. உனக்கு இலாபம் என்றுதான் எனக்குப் படுகிறது: முற்றத்தில் பயம் தணிந்தாலும் வயல்வட்டையில் விழிப்பு மிஞ்சும்.

ஆகவே பகலில், தங்கச்சி பக்கத்தில் இருக்க, காய்ந்த கம்புகளை ஒவ்வொன்றாக முறித்துக் கேள். நெஞ்சடிப்பு தணியும் முன் எழும்பி ஓடாதே. யானை வெடி மட்டும் கொளுத்திவிடாதே, அயலவர்களுக்கும் நித்திரை வேண்டும்.

அப்படியும் சரிவராவிட்டால் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவுக்குப் போவோம். கிளினிக் நாளைக் கேட்டுச் சொல், நான் மோட்டார் சைக்கிளைக் கொண்டு வருகிறேன்.