லெமன் சாதம் வச்ச வேட்டு

ஆசிரியருக்கு வணக்கம். போன வாரம் எங்க வீட்ல நாலு பேருக்கும் ஒரே வாந்தி, எல்லாரும் ஹோட்டல் பரோட்டாவதான் திட்டினோம், ஆனா யோசிச்சு பாத்தா மதியம் வடிச்ச சோற ராத்திரி வரைக்கும் வெளியவே வச்சிருந்து லெமன் சாதம் கிளறினதுதான் காரணம் போல. சோத்துல வளர்ற பேசிலஸ் சீரியஸ்ங்குற கிருமி விடுற விஷம் திரும்ப சூடு பண்ணாலும் போகாது, அதனால மிச்ச சோற 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சிடணும் (தண்ணி ஊத்துன பழைய சோத்த நான் சொல்லல, மாமியார் சண்டைக்கு வந்துருவாங்க). கை சுத்தத்துக்கு சானிடைசர மட்டும் நம்பாதீங்க, வாந்தி பேதிய பரப்புற நோரோ வைரஸுக்கு அது சரியா வேலை செய்யாது, சோப்புதான். வயித்தால போனா 1 லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணில தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, உப்பு கூடிடக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை