படிக்காத நூலை மேற்கோள் காட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆய்வேடுகளைப் பல ஆண்டுகளாகப் படித்துத் திருத்தி வருபவன் நான். துணைநூற்பட்டியலில் ஆண்டு எங்கே வர வேண்டும், நூற்பெயரைச் சாய்வெழுத்தில் இட வேண்டுமா என்பவற்றில் நெறியாளர்கள் காட்டும் கண்டிப்பில் பாதிகூட, அந்த நூலை மாணவர் படித்தாரா என்று கேட்பதில் காட்டப்படுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

வடிவ ஒழுங்கு தேவைதான். ஆனால், 1929இல் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கிய, அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. மேற்கோள் நெறிமுறையே, 2019இல் வந்த ஏழாம் பதிப்பில், அதுவரை கேட்டுவந்த பதிப்பகத்தின் ஊர்ப்பெயரை வேண்டாமென விட்டுவிட்டது. வாசகர் மூலத்தைத் தேடிப் பிடிக்க எது உதவுகிறதோ அதுவே அங்கு அளவுகோல்.

அண்மையில் ஓர் ஆய்வேட்டில் குறிப்பிட்டிருந்த பக்கத்தை மூலநூலில் புரட்டிப் பார்த்தேன். அந்தச் செய்தி அங்கே இல்லை. அதே தவறான பக்க எண் முந்தைய கட்டுரை ஒன்றிலும் இருந்தது. மாணவர் நூலைப் பாராமல் அங்கிருந்து எடுத்திருக்கிறார். கேட்டபோது, "எல்லோரும் இப்படித்தானே எழுதுகிறார்கள், ஐயா" என்றார். அவர்மீது எனக்குச் சினம் எழவில்லை. ஒருவர் எடுத்தாண்டதை நாம் மீண்டும் எடுத்தாளும்போது, மூல ஆசிரியரைச் சுட்டி, இன்னார் கட்டுரையில் கண்டது என்று வெளிப்படையாக எழுத ஏ.பி.ஏ. போன்ற நெறிமுறைகள் வழி வைத்திருக்கின்றன என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபின் இக்கவலை கூடியிருக்கிறது. எழுதப்படாத கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், கட்டுரையை இணையத்தில் அடையாளங்காட்டும் டி.ஓ.ஐ. எண் ஆகியவற்றை அவை பிழையற்ற வடிவில் அமைத்துத் தந்துவிடுவதால், வடிவத்தை மட்டும் திருத்தும் கண்ணுக்கு அது அகப்படாது. சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை மெய்யென நம்பி மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு, 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று 5,000 டாலர் அபராதம் விதித்தது. டி.ஓ.ஐ. எண்ணை உலாவியில் இட்டு அது எந்தக் கட்டுரைக்கு இட்டுச் செல்கிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஆகவே, வாய்மொழித் தேர்வில் துணைநூற்பட்டியலிலிருந்து ஐந்து பதிவுகளைத் தேர்வாளரே தெரிவுசெய்து, மேற்கோள் இடம்பெற்ற பக்கத்தை மாணவரிடம் காட்டச் சொல்லும் வழக்கத்தைப் பல்கலைக்கழகங்கள் கொண்டுவர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வு நெறியாளர் ஒருவர்