இரண்டு காட்சிக்காரர்

அன்புள்ள கோபால்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பெரியவளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள்தான் ஆகிறது. வீட்டில் ஒருவருக்கும் ராத்தூக்கம் இல்லை, அதனால்தான் தாமதம். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, ராத்திரிகளில் ஒரே ஒருவருடைய படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாரி டீன் ஸ்டான்டன், அமெரிக்க நடிகர். பெயர் உனக்குப் பிடிபடாது. முகத்தைப் பார்த்தால் "அட, இவரா" என்பாய். ஒட்டிய கன்னம், குழிந்த கண், நாலு நாள் தூங்காதவர் போல ஒரு பார்வை.

நாடகக் குழுவில் இந்த முறையும் உனக்கு இரண்டு காட்சிதான் என்று எழுதியிருந்தாயே, அப்போதே இவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது.

1926இல் கென்டக்கி மாநிலத்தில் வெஸ்ட் இர்வின் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பாவுக்குப் புகையிலை விவசாயம், கூடவே முடிதிருத்தும் தொழில். இரண்டாம் உலகப் போரில் இவர் கடற்படைக் கப்பலில் சமையல்காரர். ஒகினாவா சண்டையின்போது அங்கே இருந்திருக்கிறார். திரும்பி வந்து கல்லூரி, பிறகு கலிபோர்னியாவில் நடிப்புப் பயிற்சி. ஐம்பதுகளிலிருந்து டிவியில் கௌபாய்க் கதைகள், சினிமாவில் கைதி, மெக்கானிக், போலீஸ்காரர் என்று துண்டு துண்டாக வேஷங்கள். 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில்கூட ஒரு எஃப்.பி.ஐ. ஆளாக வந்து போகிறார்.

1979இல் வந்த 'ஏலியன்' உனக்கு ஞாபகம் இருக்கும், விண்கலத்துக்குள் ஒரு கொடூரமான வேற்றுலகப் பிராணி பதுங்கியிருக்கும் கதை. அதில் பூனையைத் தேடிப் போகிறவர் இவர்தான். மேலேயிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தொப்பியைக் கழற்றி, முகத்தை நிமிர்த்தி அந்தச் சொட்டுகளை வாங்கிக்கொண்டு நிற்கிறார். நாள் முழுக்க இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவனுக்குக் கிடைத்த சின்ன சுகம், அவ்வளவுதான். பயப்படுவதாக அவர் காட்டவே இல்லை. அதனால்தான் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. வேறு யாராவது என்றால் கண்ணை உருட்டியிருப்பார்கள்.

முதல் கதாநாயக வேஷம் கிடைத்தபோது வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. விம் வெண்டர்ஸின் 'பாரிஸ், டெக்சாஸ்', 1984. கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய படம். சிவப்புத் தொப்பியோடு பாலைவனத்தில் நடந்து வருகிறார். இருபது நிமிடத்துக்கு மேல் வாயே திறப்பதில்லை. சாப்பிடாமல், தூங்காமல் நடந்துகொண்டே இருக்கும் ஒரு மனிதன். கடைசியில் மனைவியைக் கண்டுபிடிக்கும்போது நடுவில் கண்ணாடி. இவருக்கு அவள் தெரிவாள், அவளுக்கு இவர் தெரிய மாட்டார். தொலைபேசியில் பேச வேண்டும். நாற்காலியைத் திருப்பி, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, யாரோ இரண்டு பேருடைய கதை போலத் தங்கள் கதையைச் சொல்கிறார். குரல் ஒரு இடத்திலும் உயரவில்லை. நான் அழுதுவிட்டேன் கோபால். பேத்தி விழித்துக்கொண்டாள்.

இவரோ எம்மெட் வால்ஷ் என்ற இன்னொரு குணச்சித்திர நடிகரோ துணை வேடத்தில் இருந்தால் அந்தப் படம் முழு மோசமாக இருக்க முடியாது என்று ரோஜர் ஈபர்ட் எழுதிய விதியே ஒன்று உண்டு. விமர்சகர் சொன்னதற்காக இல்லை, நானே நாலைந்து சுமாரான படங்களில் சோதித்துப் பார்த்துவிட்டேன். இவர் வருகிற நிமிடங்களில் மட்டும் படம் நிஜமாகிவிடுகிறது. எதிரில் இருப்பவர் பேசும்போது இவர் உண்மையிலேயே கேட்கிறார். தன் வசனம் எப்போது வரும் என்று காத்திருக்கிற முகம் இல்லை அது. நீயும் மேடையில் அப்படித்தான் நிற்பாய். அந்த நாளில் உன்னிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக 'லக்கி'. தொண்ணூறு வயதுக் கிழவன், தனிக்கட்டை, முன்னாள் கடற்படைச் சமையல்காரன், இவருடைய வாழ்க்கையிலிருந்தே எடுத்தது போல. ஒரு பிறந்தநாள் விருந்தில் திடீரென்று ஸ்பானிஷ் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பிக்கிறார். குரல் நடுங்குகிறது, ஆனால் நிறுத்தவில்லை. 2017 செப்டம்பர் 15இல் காலமானார், 91 வயது. இரண்டு வாரம் கழித்து அந்தப் படம் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது.

பேத்தியைப் பார்க்க வருகிறேன் என்றாயே, இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. 'பாரிஸ், டெக்சாஸ்' சேர்ந்து பார்ப்போம். உன் நாடகம் என்றைக்கு என்று எழுது. முதல் வரிசையில் எனக்கு ஒரு இடம் போட்டு வை.

அன்புடன்,
சேகர்